தங்கை மாத்திரையை நிறுத்திவிட்டாள். குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் மனச்சோர்வு போய்விடுமா?

கட்டபெட்டுக்காரி | திங்கள், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் படிக்க மட்டும்தான் இங்கே வந்தேன். இன்றைக்கு எழுதவேண்டி வந்துவிட்டது.

என் தங்கை கோத்தகிரியில் இருக்கிறாள். வயது 31, இரண்டு பிள்ளைகள். போன வருஷம் ஐப்பசி அடைமழையின்போதுதான் அவளுக்கு இது ஆரம்பித்தது. காலையில் எழுந்திருக்க மாட்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள், பாதியில் கையை எடுத்துவிட்டு "முடியலக்கா" என்றாள். சின்னவள் பாதிப் பின்னலோடு பள்ளிக்கூடம் போனாள். அன்றைக்குத்தான் நான் பயந்துபோய் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். ஏழெட்டு மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டாள், சிரிக்க ஆரம்பித்தாள்.

போன மாதம் ஏதோ காணொளி பார்த்திருக்கிறாள். மனதைச் சந்தோஷமாக வைக்கும் செரோடோனினில் 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறதாம், மனச்சோர்வே குடல் பாக்டீரியா கெட்டுப்போவதால்தான் வருகிறதாம். மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டு, மாதம் 1,800 ரூபாய்க்கு, நல்ல பாக்டீரியாவை உயிரோடு அடைத்த புரோபயாடிக் காப்ஸ்யூல் வாங்கிச் சாப்பிடுகிறாள். மூன்று வாரம் ஆகிறது. தூக்கம் இல்லை. தலைக்குள் மின்சாரம் ஓடுவது போல வெட்டுகிறது என்கிறாள். "கெட்டது வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்" என்று அவள் வீட்டுக்காரரும் சொல்கிறார். நல்ல மனுஷர்தான், மாத்திரை என்றால் பயம் அவருக்கு.

குடலுக்கும் மனதுக்கும் அப்படி ஒரு தொடர்பு உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால் அவளிடம் நான் என்ன சொல்வது?

குன்னூர் மருந்தாளுநர் | திங்கள், இரவு 10.50

அக்கா, பாக்டீரியா பற்றி அப்புறம் பேசலாம். முதலில் தங்கையைப் பார்ப்போம்.

மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வு அதற்கே உரிய அடையாளம். கவுன்டரில் நிற்கிற எனக்கு இதே வார்த்தையில் பலர் சொல்லிக் கேட்டுப் பழக்கம். கெட்டது எதுவும் வெளியேறவில்லை. பழகிய மருந்து திடீரென்று கிடைக்காமல் போனதால் உடம்பு தடுமாறுகிறது. பழைய நோய் திரும்பி வருவதும் இதோடு சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். நாளைக்கே அழைத்துப் போங்கள். பழைய மாத்திரையைப் பழைய அளவிலேயே நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அதையும் அவரே சொல்லட்டும்.

இன்னொன்று. வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு வருகிறதா என்று அவளிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. காய்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டுபோய் உங்கள் வீட்டில் பூட்டிவையுங்கள். மலையில் பாதி வீடுகளில் அது வாசலிலேயே இருக்கும். ராத்திரி நேரத்தில் நிலைமை மோசமானால் 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. அவளைத் தனியாக விட முடியாத நிலைமை என்று பட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்து மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

கட்டபெட்டுக்காரி | திங்கள், இரவு 11.40

போனில் கேட்டுவிட்டேன். கேட்கும்போது என் கைதான் நடுங்கியது. "சாகணும்னு இல்லக்கா, இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு தோணுது" என்றாள். அப்புறம் பத்து நிமிஷம் அழுதாள். வீட்டுக்காரர் ராத்திரி அவள் பக்கத்திலேயே இருக்கிறார். காலையில் முதல் பஸ்ஸுக்கு நான் போகிறேன். தோட்டத்து மருந்தைப் பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்துக்கொண்டுபோய்விட்டார். நன்றி தம்பி.

சோதனைக்கூடத்துக்காரர் | செவ்வாய், காலை 6.30

நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா. நீங்கள் பஸ்ஸில் போகும்போது படிக்கலாம் என்று எழுதுகிறேன். முப்பது வருஷம் நுண்ணுயிரியல் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தங்கை காணொளியில் பார்த்தது முழுப் பொய்யல்ல. அதனால்தான் அவளிடம் "எல்லாம் ஏமாற்று" என்று சொன்னால் எடுபடாது.

செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உண்டாகிறது என்பது உண்மை. குடல் சுவரில் அதற்கென்றே செல்கள் இருக்கின்றன, சில பாக்டீரியாக்கள் அவற்றைத் தூண்டவும் செய்கின்றன. ஆனால் அந்தச் செரோடோனின் மூளைக்குப் போவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, அதைத் தாண்ட அதனால் முடியாது. குடலில் சுரப்பது குடலை அசைக்கவும் ரத்தம் உறையவும் பயன்படுகிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. காணொளிக்காரர் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை விட்டுவிட்டார்.

சரி, அப்படியானால் தொடர்பே இல்லையா? இருக்கிறது, வேறு வழிகளில். வேகஸ் என்று ஒரு நரம்பு மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல் வழியாக வயிற்றுக்குப் போகிறது. அதில் இருக்கும் இழைகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. மூளை வயிற்றுக்குச் சொல்வதைவிட வயிறு மூளைக்குச் சொல்வதுதான் அதிகம்.

2011இல் அயர்லாந்தின் கார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் கனடாக்காரர்களும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வகை லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது, தண்ணீரில் போட்டால் சோர்ந்து மிதக்காமல் நீந்தின. பிறகு வேகஸ் நரம்பை வெட்டிவிட்டுக் கொடுத்தார்கள். ஒரு பலனும் இல்லை. செய்தி அந்த நரம்பின் வழியாகத்தான் போயிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

இரண்டாவது வழி அழுத்த ஹார்மோன். அந்தச் சோதனைக்கும் முன்னால், 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில், பிறந்ததிலிருந்தே உடம்பில் ஒரு கிருமியும் இல்லாமல் வளர்த்த எலிகளைச் சோதித்தார்கள். சின்ன நெருக்கடிக்கே அவற்றின் உடம்பில் அழுத்த ஹார்மோன் அளவுக்கு மீறி எகிறியது. குட்டியாக இருக்கும்போதே ஒரு பிஃபிடோ பாக்டீரியாவைக் குடலில் சேர்த்துவிட்டால் அது அடங்கியது. வளர்ந்த பிறகு சேர்த்தால் அவ்வளவாகப் பலிக்கவில்லை. இந்தத் துறையில் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்த ஆய்வு அது.

மூன்றாவது வழி அழற்சி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்தெழுவதால் உண்டாகும் வீக்கமும் எரிச்சலும். நார்ச்சத்தை பாக்டீரியா புளிக்கவைக்கும்போது பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் உண்டாகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. சுவர் பலவீனமானால் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து உடம்பு முழுக்க லேசான அழற்சி வரலாம் என்கிறார்கள். அழற்சி மனதைத் தொடும் என்பதற்கு வேறு இடத்திலிருந்து நல்ல சான்று உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள், அழற்சியைக் கிளப்பிவிடுகிற மருந்து. அதற்கு முன்னால் நன்றாக இருந்த பலரும் அந்த ஊசிக்குப் பிறகு மனச்சோர்வில் விழுந்தார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு முக்கியமானதைச் சொல்லாமல் விடக் கூடாது. எலியில் அவ்வளவு அழகாக வேலை செய்த அதே பாக்டீரியாவை 2017இல் 29 ஆரோக்கியமான ஆண்களுக்கு அதே கார்க் பல்கலைக்கழகத்தார் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட ஒரு நன்மையும் இல்லை. அதை மறைக்காமல் வெளியிட்டதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

மலைத்தேன் | செவ்வாய், காலை 9.10

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் என் அனுபவம் வேறு, அதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு எட்டு வருஷமாக வயிற்றுப் பிரச்சனை. வெளியே கிளம்பினாலே வயிற்றைக் கலக்கும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்வேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. அப்படியே ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டது. மனச்சோர்வு மாத்திரையில் வாய் உலர்ந்ததும் தூக்கக் கலக்கமும்தான் மிச்சம். புரோபயாடிக் ஆரம்பித்து இரண்டு மாதத்தில் வயிறு அடங்கியது. அதன் பிறகுதான் மனசு லேசானது. இதை யாரும் எனக்கு எலியை வைத்துச் சொல்ல வேண்டாம், நான் வாழ்ந்து பார்த்தது.

வயிறு வேறு மனசு வேறு என்று பிரிக்கிற வைத்தியம்தான் தப்பு. பயந்தால் "வயிற்றில் புளியைக் கரைத்தது" என்கிறோம், பிள்ளை கஷ்டப்பட்டால் "பெத்த வயிறு பத்தி எரியுது" என்கிறோம். நம் ஆட்களுக்குத் தெரிந்தது படித்தவர்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

சோதனைக்கூடத்துக்காரர் | செவ்வாய், காலை 11.00

நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கவில்லை தம்பி. எட்டு வருஷம் அப்படி வாழ்ந்தது சாதாரண வேதனை இல்லை. உங்களுக்கு இருந்தது எரிச்சல் குடல் நோய் போலத் தெரிகிறது. அது உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். சிலருக்கு வயிற்றில் ஆரம்பித்து மனதுக்குப் போகிறது, சிலருக்கு மனதில் ஆரம்பித்து வயிற்றுக்கு வருகிறது. உங்களுக்கு வயிறு முதலில் வந்தது, வயிறு சரியானதும் மனம் தேறியது. அந்த அம்மாவின் தங்கைக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருந்ததாகச் சொல்லவில்லை. உங்களுக்குத் திறந்த கதவு அவளுக்கும் திறக்க வேண்டும் என்று இல்லை.

எது முந்தி என்பதில்தான் ஆராய்ச்சிக்காரர்களும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 2019இல் பெல்ஜியத்தில் 1,054 பேருடைய மலத்தைச் சோதித்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் கோப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரண்டு வகை பாக்டீரியாக்கள் குறைவாக இருந்தன, மாத்திரையின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்த பிறகும். கோப்ரோகாக்கஸ், நான் மேலே சொன்ன பியூட்டிரேட்டை உண்டாக்குகிற வகை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மனச்சோர்வில் இருப்பவர் எப்படிச் சாப்பிடுகிறார்? டீயும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிறார். குடலில் பாக்டீரியா மாறியதால் சோர்வு வந்ததா, சோர்வில் சாப்பாடு மாறியதால் பாக்டீரியா மாறியதா? இந்த மாதிரி ஆய்வு அதற்குப் பதில் சொல்லாது.

பதில் தேடித்தான் 2016இல் மனச்சோர்வுள்ள மனிதர்களின் மலத்தை எலிகளின் குடலில் செலுத்திப் பார்த்தார்கள், அயர்லாந்தில் ஒரு குழு, சீனாவில் ஒரு குழு. எலிகள் ஒடுங்கிப்போயின. பிடித்த இனிப்புத் தண்ணீரில் ஆர்வம் குறைந்தது. பாக்டீரியாவே காரணமாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று என் கண்ணில் படவில்லை. ஆனாலும் எலி எலிதான்.

குன்னூர் மருந்தாளுநர் | செவ்வாய், மதியம் 2.20

மலைத்தேன் அண்ணனுக்கு ஒரு தகவல். லண்டனில் செய்து 2023இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. மாத்திரை சாப்பிட்டும் முழுசாகத் தேறாத 49 பேர். பாதிப் பேருக்கு 14 வகை பாக்டீரியா கலந்த புரோபயாடிக், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, எட்டு வாரம். புரோபயாடிக் எடுத்தவர்களுக்குச் சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் அந்த 49 பேரில் ஒருவர்கூட மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடவில்லை. இரண்டும் சேர்ந்தேதான். கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது அந்த ஒரு வார்த்தையைத்தான், சேர்ந்து.

இன்னொன்று, நம் கடையில் இருக்கும் டப்பாவில் என்ன வகை, எத்தனை கோடி, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் "புரோபயாடிக்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தம் இல்லை. நாய் என்றால் சிப்பிப்பாறையும் நாய்தான், பொமரேனியனும் நாய்தான். அந்த மாதிரி. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

கட்டபெட்டுக்காரி | புதன், இரவு 8.30

போய்விட்டு வந்துவிட்டோம். மருத்துவர் திட்டவே இல்லை. அவள் சொல்வதை இருபது நிமிஷம் கேட்டார். "குடலைப் பார்த்துக்கணும்னு நினைச்சது நல்ல எண்ணம்தான், மாத்திரையை விட்டதுதான் அவசரம்" என்றார். அதைக் கேட்டதும் இவளுக்கு முகமே மாறிவிட்டது. ஒரு மாதமாகத் தப்பு செய்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் பயந்திருக்கிறாள்.

மாத்திரையைக் குறைந்த அளவிலிருந்து திரும்ப ஆரம்பித்திருக்கிறார். முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்றார். அதுவரை வாராவாரம் வரச் சொன்னார். தைராய்டு, பி12, ரத்தசோகை மூன்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முதலில் காட்டியபோது இதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. காப்ஸ்யூலை என்ன செய்வது என்று கேட்டேன், "வாங்கினதை முடிக்கட்டும், கெடுதல் இல்லை, அடுத்த மாசம் அந்த 1,800க்குக் காயும் பயறும் வாங்குங்க" என்றார்.

சரி, என்ன காய், என்ன பயறு? இங்கே யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அரவேணு மருமகள் | புதன், இரவு 9.45

அக்கா, தைராய்டு பார்த்தது ரொம்ப நல்லது. எனக்கு ஒரு வருஷம் சோம்பேறி என்று பட்டம் கட்டினார்கள், கடைசியில் பார்த்தால் தைராய்டு. உடம்பு குளிரும், முடி கொட்டும், மனசு மந்தமாக இருக்கும். மலையில் எல்லாருக்கும்தான் குளிருகிறது என்று விட்டுவிட்டோம்.

சாப்பாடு பற்றி. ஆஸ்திரேலியாவில் செய்து 2017இல் வெளியான ஒரு ஆய்வை எங்கள் ஊட்டச்சத்து வகுப்பில் படித்தோம். மனச்சோர்வுள்ள 67 பேர். ஒரு பாதிக்கு 12 வாரம் பயறு, காய், பழம், முழுதானியம், கொட்டை, மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பிடச் சொல்லிக் கூடவே இருந்து வழிகாட்டினார்கள். மறு பாதிக்கு ஒருவர் வந்து பேசிக்கொண்டு, சீட்டாடிக்கொண்டு இருந்துவிட்டுப் போவார். சாப்பாடு மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் நோயிலிருந்து வெளியே வந்தார்கள், மற்றவர்களில் 8 சதவீதம். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கும் அதில் இருக்கும். அவர்களிலும் பெரும்பாலானோர் வேறு சிகிச்சையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆலிவ் எண்ணெய்க்கு நாம் எங்கே போக? ஆனால் மற்றதெல்லாம் நம் சந்தையிலேயே கிடக்கிறது. அவரை, பீன்ஸ், பச்சைப் பட்டாணி, பட்டர் பீன்ஸ், கேரட், முள்ளங்கி, கீரை. படுகர் வீடுகளில் ராகி ஹிட்டும் (களி) அவரைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த பாட்டிகளைக் கேளுங்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிற ஒரு நார்ச்சத்து பிஃபிடோ பாக்டீரியாவுக்கு ரொம்பப் பிடிக்கும். மலைத்தேன் அண்ணா போல வயிறு உள்ளவர்களுக்கு அதே பூண்டும் பட்டாணியும் உப்புசம் கொடுக்கும், அவர்கள் பார்த்துச் செய்ய வேண்டும்.

தயிரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து இங்கே வந்தபோது எனக்குத் தயிரே தோயவில்லை. மூன்று நாள் பாலாகவே இருந்தது, அழுதேவிட்டேன். மாமியார்தான் சொல்லிக் கொடுத்தார். தயிர் பாக்டீரியாவுக்கு 40 டிகிரி வேண்டும், நம் சமையலறையில் ராத்திரி 14 டிகிரி. பாலைக் கை பொறுக்கிற சூட்டில் எடுத்து, உறையைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி மூடி, பழைய கம்பளி ஸ்வெட்டரின் கைக்குள் நுழைத்து, அரிசி டிரம்முக்குள் புதைத்துவைப்பார். காலையில் கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டியாக இருக்கும். இட்லி மாவையும் அப்படித்தான், விறகடுப்பு அணைந்த பிறகு அதன் பக்கத்தில். கீழே எட்டு மணி நேரத்தில் பொங்குவது இங்கே மழைக்காலத்தில் ஒரு முழு நாள் எடுக்கும்.

இட்லியை ஆவியில் வேகவைக்கும்போது பாக்டீரியா செத்துவிடும், அதனால் இட்லியைப் புரோபயாடிக் என்று சொல்ல முடியாது. தயிரிலும் மோரிலும் உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 2021இல் 36 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பத்து வாரம் தயிர் போன்ற புளித்த உணவு நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. மனச்சோர்வை அவர்கள் குறிவைக்கவில்லை. ஆனாலும் ஒரு டம்ளர் மோரில் என்ன நஷ்டம்?

டீ குடிப்பதைச் சாப்பாட்டோடு சேர்க்க வேண்டாம். சாப்பிட்டதும் டீ குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. தோட்டத்தில் இலை பறிக்கிற நம் பெண்களுக்கு ரத்தசோகை அதிகம், அது வேறு சோர்வு, அதுவும் மனசில்தான் வந்து உட்காரும்.

மூடுபனி | வியாழன், அதிகாலை 4.10

நான் இப்போது அதில்தான் இருக்கிறேன், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அவரையை உரித்து, கீரையை ஆய்ந்து, தயிரைக் கம்பளியில் சுற்றிவைக்க என்னால் முடிந்தால் எனக்கு மனச்சோர்வே இல்லை என்று அர்த்தம். நேற்று ஒரு வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு எங்கிருந்து உரிக்க ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். பிறகு அதைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். "நல்லாச் சாப்பிடு, குடல் சரியானா மனசு சரியாகும்" என்று சொல்கிறவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் என் காதில் அது "நீ சரியாகச் சாப்பிடாததால்தான் உனக்கு இப்படி" என்று விழுகிறது. ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனசு இது.

அந்தத் தங்கைக்கு யாராவது சமைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டியது அவ்வளவுதான்.

அரவேணு மருமகள் | வியாழன், காலை 7.00

மூடுபனி, இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த ஆஸ்திரேலிய ஆய்வில்கூட ஒருவர் ஏழு முறை கூட உட்கார்ந்து வழிகாட்டினார் என்பதை நான்தான் வேகமாகத் தாண்டிப் போய்விட்டேன். நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்? கோத்தகிரிக்குப் பக்கம் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், எங்கள் வீட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவது சிரமமே இல்லை.

குன்னூர் மருந்தாளுநர் | வியாழன், காலை 7.25

மூடுபனி, நாலு மணிக்கு விழித்திருக்கிறீர்கள். மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்களுக்கும் அதே 14416தான். பேசுங்கள்.

பெட்ஃபோர்டுவாசி | வியாழன், மாலை 5.40

இழையை முழுக்கப் படித்தேன். குன்னூர்க்காரன் என்ற முறையில் ஒரு பழைய கதையைச் சேர்க்கிறேன், இங்கேயே நடந்தது.

சிம்ஸ் பூங்காவுக்கு எதிரில் இருக்கும் பாஸ்டர் நிலையத்தை எல்லாருக்கும் தெரியும். 1907இல் ஆரம்பித்தது, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பேர்போனது. அங்கே 1918இல் ஒரே ஒரு அறையில், வைட்டமின் பி1 குறைவால் வருகிற பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் ஒரு பிரிவு தொடங்கினார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். நம் குன்னூரில் பிறந்தது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

மெக்கரிசன் எலிகளை வெவ்வேறு சாப்பாட்டில் வளர்த்துப் பார்த்தார். ஒரு கூண்டுக்குப் பஞ்சாபில் சாப்பிடுவது போல முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய். இன்னொரு கூண்டுக்கு அன்றைய இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாடு, அதாவது வெள்ளை ரொட்டி, மார்கரின், டின் இறைச்சி, ஜாம், சர்க்கரை போட்ட டீ. முதல் கூண்டு எலிகள் கொழுகொழுவென்று ஒற்றுமையாக வாழ்ந்தன. இரண்டாவது கூண்டு எலிகள் வளர்ச்சி குன்றி, பதற்றமாக, பராமரிக்க வருகிறவரைக் கடித்தன. அறுபதாவது நாளுக்குள் பலவீனமான எலிகளைக் கொன்று தின்ன ஆரம்பித்தன. அந்தக் கூண்டு எலிகளுக்குக் குடல் நோயும் நுரையீரல் நோயும் அதிகம் வந்தன.

மெக்கரிசன் இதைக் குடல் பாக்டீரியாவோடு முடிச்சுப் போடவில்லை. வைட்டமின் குறைவு, புரதக் குறைவு எல்லாம் அதில் கலந்திருக்கிறது. எலி கடிப்பதை மனிதனுடைய மனச்சோர்வு என்று சொல்லவும் முடியாது. ஆனால் சாப்பாடு குடலையும் கெடுக்கிறது, குணத்தையும் கெடுக்கிறது என்பதை நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் ஒருவர் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறார். வெள்ளை ரொட்டியும் ஜாமும் சர்க்கரை டீயும் இன்றைக்கு எந்த வீட்டுச் சாப்பாடு என்று யோசித்தால் எனக்கு வயிறு பிசைகிறது. என் பேரனின் காலைச் சாப்பாடு அது.

பச்சைத்தேயிலை | வியாழன், இரவு 8.15

ஒருவருடைய மலத்தை இன்னொருவர் குடலில் வைத்து மனச்சோர்வைக் குணமாக்குகிறார்களாமே? நிஜமா?

சோதனைக்கூடத்துக்காரர் | வியாழன், இரவு 9.00

சிகிச்சை நிஜம், ஆனால் வேறொரு நோய்க்கு. ஆன்டிபயாடிக் அதிகமாகி, கிளாஸ்ட்ரிடியோய்டஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி, திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு வருகிறவர்களுக்கு அது நன்றாகப் பலிக்கிறது. மனச்சோர்வுக்கு இன்னும் ஆய்வுக்கட்டத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படி மாற்றியபோது மருந்துக்கு அடங்காத கிருமியும் சேர்ந்து போய் ஒருவர் இறந்தார், 2019இல் அந்நாட்டு மருந்துத் துறை எச்சரிக்கையே விட்டது. வீட்டில் யாரும் முயற்சி செய்யக் கூடாது.

மாத்திரை பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. 2018இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளைக் குடல் பாக்டீரியாக்களோடு வைத்துப் பார்த்தார்கள். ஆன்டிபயாடிக் அல்லாத மருந்துகளிலேயே நான்கில் ஒன்று ஏதாவது ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்தது. மனநல மருந்துகளும் அதில் உண்டு. அதனால் மாத்திரை மூளைக்கு, உணவு குடலுக்கு என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. மாத்திரையே குடலிலும் ஏதோ செய்கிறது. அது நல்லதா கெட்டதா என்பது வருங்காலத்தில் தெளியும்.

மலைத்தேன் | வெள்ளி, காலை 10.30

பெரியவருக்கு நன்றி. நான் அந்த அக்காவிடம் மாத்திரையை விடச் சொல்லவில்லை, ஆனால் அப்படிப் படும்படி எழுதிவிட்டேன். என்னுடைய வயிறு என்னுடையது. அதைத் திருத்திக்கொள்கிறேன்.

கட்டபெட்டுக்காரி | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.00

தாமதத்துக்கு மன்னிக்கவும். மார்கழி பிறந்துவிட்டது, ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறதாம்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. பி12 ரொம்பக் குறைவு, ஊசி போட்டார்கள். ஹீமோகுளோபினும் 9தான். இரும்பு மாத்திரை போகிறது. பழைய மாத்திரை முழு அளவுக்கு வந்துவிட்டது. நாலாவது வாரத்திலிருந்து தூங்குகிறாள். தலையில் மின்சாரம் வெட்டுவது முதல் பத்து நாளிலேயே நின்றுவிட்டது. இனிமேல் குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லி, மாதக்கணக்கில் மெதுவாகத்தான் என்று எழுதியே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

மூடுபனி எழுதியதை அவள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலை அவரே அவரைக்காயோடு உட்கார்ந்திருந்தார். இப்போது வாரத்தில் மூன்று நாள் அவர் சமையல், இரண்டு நாள் நான் கொண்டுபோகிறேன். குழம்பில் உப்பு கூடத்தான் இருக்கிறது, சாப்பிடுகிறாள். எது அவளைத் தேற்றுகிறது, மாத்திரையா, ஊசியா, சாப்பாடா, பக்கத்தில் ஆள் இருப்பதா என்று மருத்துவரைக் கேட்டேன். "பிரிச்சுப் பார்க்கணும்னா ஒவ்வொண்ணா நிறுத்தித்தான் பார்க்கணும், அதை நாம செய்யப்போறதில்ல" என்றார்.

போன ஞாயிறு போனபோது சின்னவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

அரவேணு மருமகள், ஒரு சந்தேகம். ஸ்வெட்டர் கைக்குள் வைத்தும் தயிர் இந்தக் குளிரில் நூலாக இழுக்கிறதாம். உறையை மாற்ற வேண்டுமா, சூடு போதவில்லையா? அவளே கேட்கச் சொன்னாள்.

அரவேணு மருமகள் | ஞாயிறு, மாலை 6.20

சூடு போதவில்லை, மெதுவாகத் தோய்ந்தால் அப்படி இழுக்கும். உறையும் பழசாகியிருக்கும். நாளைக்குக் கோத்தகிரி சந்தைக்கு வருகிறேன், எங்கள் வீட்டு உறை ஒரு கிண்ணம் கொண்டுவந்து தருகிறேன். தூக்கைச் சுற்றி இரண்டு பாட்டில் சுடுதண்ணீரும் வைக்கச் சொல்லுங்கள்.